ஆலன் ஆர்னால்டு கிரிஃபித்

ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் (ஜூன் 13, 1893 - அக்டோபர் 13, 1963) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆவார். ஒரு திண்மப் பொருளில் உள்ள விரிசல் எந்த நிலையில் தானே வளர்ந்து அப்பொருளை உடைக்கும் என்பதை ஆற்றல் கணக்கின் வழியே விளக்கியவர் இவர். வானூர்தித் துறையில் அச்சுவழிப் பாய்வு எஞ்சின்களின் முன்னோடியாகவும் இவர் அறியப்படுகிறார்.

இளமை

கிரிஃபித் லண்டனில் பிறந்தார். இவருடைய தந்தை ஜார்ஜ் கிரிஃபித் அறிவியல் புனைகதை எழுத்தாளர். லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று 1914 இல் பட்டம் பெற்றார். 1915 இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கு ஜி. ஐ. டெய்லருடன் இணைந்து, முறுக்கப்படும் தண்டுகளின் தகைவுகளைச் சோப்புப் படலத்தின் வளைவைக் கொண்டு அளக்கும் முறையை 1917 இல் வெளியிட்டார். இதனால் உடன் பணியாற்றியோர் இவரைச் சோப்புக்குமிழி கிரிஃபித் என்று கேலியாக அழைத்தனர்.

விரிசல் கோட்பாடு

அணுப் பிணைப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் கண்ணாடி மிக வலுவானதாக இருக்க வேண்டும். உண்மையிலோ அது எளிதில் உடைகிறது. விரிசல் முனையில் தகைவு குவிவதை இங்கிலிஸ் என்பவர் 1913 இல் காட்டியிருந்தார். ஆனால் அக்கணக்கின்படி மிகக் கூரிய முனையுள்ள எந்த விரிசலும் சிறு சுமையிலேயே பொருளை உடைத்துவிட வேண்டும்.

கிரிஃபித் தகைவை விட்டு ஆற்றலை எடுத்துக்கொண்டார். இழுக்கப்பட்ட பொருளில் மீள் ஆற்றல் தேங்கியுள்ளது. விரிசல் வளரும்போது அதில் ஒரு பகுதி விடுபடுகிறது. புதிய இரு பரப்புகளை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. செலவு விரிசலின் நீளத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. விடுபடும் ஆற்றலோ நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய விரிசல் தானே ஓடத் தொடங்கும். விரிசல் நான்கு மடங்கு நீண்டால் பொருளின் வலிமை பாதியாகும். இதனை 1920 இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் நிறுவினார். அவருடைய சோதனையில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடித்த கண்ணாடி இழையைவிட அதில் முந்நூறில் ஒரு பங்கு தடிமனே உள்ள இழை சுமார் 20 மடங்கு வலுவாக இருந்தது.

1924 இல் இக்கணக்கை அமுக்க விசைக்கும் விரித்தார். நொறுங்கும் பொருளின் அமுக்க வலிமை இழுவலிமையைப் போல் எட்டு மடங்கு என்று விடை வந்தது. சாதாரணக் காங்கிரீட்டில் இது ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகும்.

இவ்வாய்வு நீடிக்கவில்லை. ஆய்வகத்தில் அணைக்காமல் விடப்பட்ட எரிவாயுச் சுடரால் தீப்பற்றியது என்றும், அதன் பின்னர் வீண்வேலையை நிறுத்துமாறு மேலிடம் பணித்தது என்றும் பொருளறிவியலாளர் ஜே. இ. கோர்டன் எழுதியுள்ளார்.

எஞ்சின் ஆய்வு

1926 இல் சுழலித் தகடுகளுக்கு வானூர்தி இறக்கையின் வடிவம் வேண்டும் என்று எழுதினார். ஆயினும் ஃபிராங்க் விட்டில் தம் ஜெட் எஞ்சின் திட்டத்துடன் வந்தபோது, கணக்கில் பிழை கண்டு அதனை நடைமுறைக்கு ஒவ்வாதது என மதிப்பிட்டார். விட்டிலின் எஞ்சின் 1941 இல் வானூர்தியைப் பறக்கவைத்தது. கிரிஃபித் 1939 முதல் 1960 வரை ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தார். பறக்கும் கட்டில் எனப்பட்ட, செங்குத்தாக எழும் சோதனை ஊர்தி இவருடைய கருத்தில் உருவாகி 1954 இல் கட்டின்றிப் பறந்தது. 1941 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

கோட்பாட்டின் மறுவாழ்வு

உலோகங்கள் உடையுமுன் இளகி நீள்வதால் பொறியாளர்கள் விரிசல் கோட்பாட்டை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப் போரில் பற்றவைத்துக் கட்டிய கப்பல்கள் திடீரெனப் பிளந்த பின்னரே அதன் தேவை உணரப்பட்டது. அமெரிக்காவில் இர்வின் அதனை உலோகங்களுக்கு ஏற்ப விரித்தார். 1961 இல் கப்லான் காங்கிரீட்டில் சோதித்தார்.

கிரிஃபித்தின் சமன்பாட்டில் ஒலிக்கு இடமில்லை. அது அமைதியாக வளரும் விரிசலுக்கான கணக்கு. உண்மையில் விரிசல் தாவித் தாவி வளர்கிறது. அப்போது விடுபடும் ஆற்றலில் சிறு பங்கு மீள் அலையாக வெளியேறுகிறது. ஒலி உமிழ்வு எனப்படும் இதனை 1950 இல் மியூனிக்கில் யோசப் கைசர் முறையாக ஆராய்ந்தார். காங்கிரீட்டில் இவ்வலை நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் செல்லும். பரப்பில் ஒட்டிய ஓர் உணரியை மற்றொன்றைவிட 50 மைக்ரோநொடி முந்தி அடைந்தால், விரிசல் அதற்கு 20 சென்டிமீட்டர் அருகில் உள்ளது. இடத்தின் மூன்று அளவுகளும் ஒலி எழுந்த நேரமும் தெரியாதவை ஆதலால் குறைந்தது நான்கு உணரிகள் வேண்டும். சல்லியும் பழைய விரிசல்களும் அலையைத் திசைதிருப்பித் தாமதப்படுத்துவதால், நடைமுறையில் இன்னும் கூடுதலாகப் பொருத்தப்படுகின்றன.