கூத்தை நூலிலும் மேடையிலும் ஏற்றிய வித்தியானந்தன்

படுவான்கரையில் பழுகாமத்தைச் சேர்ந்த எனக்குக் கூத்து என்றால் மத்தள அடியும் விடியவிடிய ஆடும் வட்டக்களரியும்தான். அந்தக் கூத்தைப் படித்தவர்கள் திரும்பிப் பார்க்க வைத்தவர் மட்டக்களப்பில் பிறந்தவர் அல்லர். தெல்லிப்பழையைச் சேர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள்.

1924 இல் பிறந்த அவர், பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சங்க இலக்கியம் கற்றவர் கிராமத்து அண்ணாவிமாரைத் தேடி வந்தார். மட்டக்களப்பின் தென்மோடிக் கூத்தான ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962 இல் அவரது பதிப்பாக நூலாயிற்று.

பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றை மேடையேற்றினார். மட்டக்களப்பு மாணவரான சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இரவு முழுதும் ஆடும் கூத்து சுருங்கியது. வட்டக்களரி போய்ப் படச்சட்ட மேடை வந்தது. அது இழப்புத்தான். ஆனாலும் கூத்தாடுவது குறைச்சல் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

1974 யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. அதன் இறுதிநாள் அவலத்தை நாம் மறக்கவில்லை. பின்னர் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றி, 1989 இல் மறைந்தார்.

அதன்பின் போர் எங்களைப் பலமுறை ஊரைவிட்டு எழுப்பியது. 2007 இடப்பெயர்வில் எங்கள் வீட்டுக் கூத்துக் கொப்பியும் போனது. அச்சேறாத அந்தக் கூத்தில் பாதிப் பாட்டுகளே இப்போது எங்கள் நினைவில் உள்ளன. அலங்காரரூபனுக்கு அந்தக் கதி நேரவில்லை. மிஞ்சியிருக்கும் அண்ணாவிமாரிடம் ஒரு கைத்தொலைபேசியையாவது கொண்டுபோய் அவர்கள் பாடுவதையும் ஆடுவதையும் பதிவு செய்வோம்.