தண்டநாதர் இருகப்பர்

வந்தவாசிப் பக்கத்திலிருந்து செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காஞ்சிக்கு வரும் நம்மவர், திருப்பருத்திக்குன்றத்தில் வழிபடாமல் திரும்புவதில்லை. அங்கே சங்கீத மண்டபத்தில் அமர்ந்து இளைப்பாறும்போது, அதனை எழுப்பியவர் ஒரு படைத்தலைவர் என்பதை நினைப்போர் சிலரே.

அவரே இருகப்பர். விசயநகர வேந்தர் இரண்டாம் அரிகரரிடம் குலவழி அமைச்சராயிருந்த வைசய தண்டநாதரின் மைந்தர். பாமினி சுல்தான்களோடு ஓயாது போர் நிகழ்ந்த காலம் அது. படைப்பதவிக்குத் தேர்வோ விண்ணப்பமோ இல்லை. குலமும் அரசரின் நம்பிக்கையுமே வழி. தந்தை பெற்றிருந்த நம்பிக்கையே மைந்தருக்கும் வாயிலைத் திறந்தது. சமணருக்கும் வைணவருக்கும் எழுந்த பூசலை 1368இல் முதலாம் புக்கர் தீர்த்து வைத்ததால், அருகன் நெறியினர் அரசவையில் தலைநிமிர்ந்து நிற்கவும் இயன்றது.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர் வாளேந்தலாமா என்று இளையோர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். முனிவரின் மாவிரதம் வேறு, இல்லறத்தாரின் அணுவிரதம் வேறு. நாட்டையும் குடிகளையும் காக்கும் கடமையில் நேரும் தீங்கை நம் ஆசாரியர்கள் வேட்டைக் கொலையோடு ஒன்றாக வைத்து எண்ணவில்லை. ஆயினும் வினை வினையே. அதனைப் பாவமன்று என்றும் அவர்கள் கூறவில்லை.

அரச நெருக்கத்தை இருகப்பர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 1382இல், அரிகரரின் மகன் புக்கரின் நலம் வேண்டி, மகேந்திரமங்கலம் என்னும் ஊரைத் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியவல்லபருக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தார். தம் பொருட்டன்றித் தம்மை உயர்த்திய குடும்பத்தின் பொருட்டே அறம் செய்தமை கருதத்தக்கது. 1386இல் தலைநகராம் விசயநகரிலேயே குந்துநாதருக்குக் கற்கோயில் எடுத்தார். இன்று ஹம்பியில் அதனைக் காணிகிட்டி கோயில் என்பர். நானார்த்த ரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டும் அவர் பெயரால் வழங்குகிறது.

பின்னர் பிரபவ ஆண்டில், அதாவது 1387-88இல், வர்த்தமானர் கோயிலின் முன்னே இசைக்கென இம்மகாமண்டபத்தைக் கட்டிச் சுற்றிலும் கல் பாவுவித்தார். படைகளுக்கு ஆணையிட்ட அவர், இங்குப் புட்பசேன முனிவரின் ஆணைப்படியே இதனைச் செய்ததாகப் பொறிக்கச் செய்தார். ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளை நாம் அண்ணாந்து காணும் ஓவிய விதானம் இம்மண்டபத்தினதே.