லூயிஸ் எலியாஸ்பெர்க்

லூயிஸ் எலியாஸ்பெர்க் (பெப்ரவரி 12, 1896 – பெப்ரவரி 20, 1976) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நிதித்துறைத் தொழிலதிபரும் புகழ்பெற்ற நாணய சேகரிப்பாளரும் ஆவார். தமது காலத்தில் அறியப்பட்டிருந்த அமெரிக்க நாணயங்களை ஆண்டு வாரியாகவும் நாணயச்சாலை வாரியாகவும் முழுமையாகச் சேர்த்த முதல் மனிதர் இவராவார்.

வாழ்க்கை

அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் பிறந்த இவர், பால்ட்டிமோரில் தொழில் நடத்தினார். 1942 இல் கிளாப் குடும்பத்தினரின் பெரும் சேகரிப்பை 100,000 டாலருக்கு வாங்கினார்.

இறுதி நாணயம்

1950 இல் இவருக்குக் கிடைக்காதிருந்தது 1873 ஆம் ஆண்டின் வெள்ளி டைம் (10 சென்ட் நாணயம்) ஒன்றே. அவ்வாண்டுச் சட்டம் டைமின் எடையைச் சிறிதளவு உயர்த்தியது. புதிய எடையைக் குறிக்க, ஆண்டு எண்ணின் இருபுறமும் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டன. அதற்கு முன்னரே கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அம்புக்குறி இல்லாத 12,400 டைம்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவை ஏறத்தாழ முழுவதும் உருக்கப்பட்டுவிட்டன; ஒன்று மட்டுமே அறியப்பட்டுள்ளது. பின்புறத்தில் "சிசி" என்னும் நாணயச்சாலைக் குறி இருப்பதும், முன்புறத்தில் அம்புக்குறி இல்லாமையும் அதன் அடையாளங்களாகும். 1950 நவம்பரில் எலியாஸ்பெர்க் அதனை 4,000 டாலருக்கு வாங்கித் தமது சேகரிப்பை நிறைவு செய்தார்.

மறைவுக்குப் பின்

1978 இல், அதுவரை அறியப்படாதிருந்த 1870 ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ அரை டைம் ஒன்று வெளிப்பட்டது. எலியாஸ்பெர்க்கின் நாணயங்கள் 1982, 1996, 1997 ஆம் ஆண்டுகளின் ஏலங்களில் பிரிந்து சென்றன. அம்புக்குறியற்ற அந்த டைம் 1996 இல் 550,000 டாலருக்கு விற்கப்பட்டது.