இத்தாலிக்குச் சமையல் சொன்ன பெரியவர்

இத்தாலி நாட்டிலே ஒரு சமையல் புத்தகம் உண்டு. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். அப்படிப் பல தலைமுறைகளாகக் கைமாறி வரும் புத்தகம் அது.

அதை எழுதியவர் பெண் அல்ல. சமையல்காரரும் அல்ல. கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பட்டு வியாபாரி!

அவர் பெயர் பெல்லக்ரீனோ அர்த்தூசி.

கொள்ளைக்காரர்கள் வந்தார்கள்

1820-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி அர்த்தூசி பிறந்தார். ஊர், இத்தாலியின் வட பகுதியில் உள்ள போர்லிம்போபோலி. தந்தை மளிகை வியாபாரி. வசதியான குடும்பம்.

1851-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி இரவு அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது.

அன்று ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் நாடகம் பார்க்கப் போயிருந்தார்கள். திரை விலகியது. மேடையில் நடிகர்கள் இல்லை. துப்பாக்கியோடு கொள்ளைக்காரர்கள் நின்றார்கள்! "பசத்தோரே" என்று பெயர் எடுத்த பெல்லோனிதான் அவர்களுக்குத் தலைவன்.

பணக்காரர் வீடுகளை எல்லாம் சூறையாடினார்கள். அர்த்தூசி வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். பணம் போனது. போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். ஆனால் அர்த்தூசியின் சகோதரி கெர்த்ரூதே, அன்று பட்ட கொடுமையால் புத்தி பேதலித்துப் போனாள். பிறகு அவள் குணம் அடையவே இல்லை. மனநோய் மருத்துவமனையில் அவள் வாழ்வு முடிந்தது.

குடும்பம் ஊரை விட்டே கிளம்பியது. பிளாரன்ஸ் நகரில் குடியேறியது.

எழுத்தாளர் ஆக ஆசை

பிளாரன்சில் அர்த்தூசி பட்டு வியாபாரம் செய்தார். நன்றாகச் சம்பாதித்தார். 50 வயது வாக்கில் தொழிலை விட்டுவிட்டார்.

அவருக்கு இலக்கியத்தில் ஆசை. பெரும் கவிஞர் போஸ்கோலோவின் வரலாற்றை எழுதி, 1878-ல் வெளியிட்டார். பிறகு, கவிஞர் ஜுஸ்தியின் கடிதங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இரண்டையும் சீந்துவார் இல்லை.

அவருக்கு இன்னொரு ஆசையும் உண்டு. அது ருசியான வீட்டுச் சாப்பாடு. போகும் ஊர்களில் எல்லாம் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்பார். குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் செய்து பார்க்கச் சொல்வார்.

சமைத்தது யார்? இரண்டு பேர். ஒருவர் பிரான்செஸ்கோ ருபில்லி. மற்றவர் மரியெத்தா சபாத்தினி என்ற பெண்மணி. அவர்கள் சமைப்பார்கள். அர்த்தூசி ருசி பார்ப்பார். சரியாக வரவில்லையா? மறுபடியும் செய்வார்கள். சரியாக வந்த பிறகுதான் எழுதுவார்.

பூனைகளும் புகையிலைக் கடையும்

புத்தகம் தயார் ஆயிற்று. அச்சிட எவரும் முன்வரவில்லை. 1891-ல் தம் கைப்பணத்தைப் போட்டு 1,000 பிரதிகள் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது 70-க்கு மேல்! தம் செல்லப் பூனைகளான பியான்கானிக்கும் சிபில்லோனேக்கும் அதைச் சமர்ப்பணம் செய்தார்.

பிறந்த ஊரில் நடந்த தரும நிதிப் பரிசுக் குலுக்கலுக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினார். பரிசு பெற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேலி செய்துவிட்டு, புகையிலைக் கடையில் விற்றுவிட்டார்கள்!

அர்த்தூசி மனம் தளரவில்லை. வீட்டில் இருந்தபடியே தபாலில் புத்தகத்தை விற்றார். மெள்ள மெள்ளப் பெண்கள் வாங்கத் தொடங்கினார்கள். தங்கள் ஊர்ச் சமையலை அவருக்கு எழுதி அனுப்பினார்கள். பதிப்புக்குப் பதிப்பு புத்தகம் வளர்ந்தது. முதல் பதிப்பில் 475 பக்குவங்கள் இருந்தன. கடைசியில் 790 ஆயின.

மாயமான உருண்டை

ஏன் இத்தனை வரவேற்பு? வீட்டில் பேசுவதுபோல அவர் எழுதினார்.

"நியோக்கி" என்று ஒரு பலகாரம். வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்து, சிறு துண்டுகளாக்கிக் கொதிநீரில் போடுவார்கள். ஒரு அம்மாள் முதல் துண்டைப் போட்டுக் கிளறினாள். துண்டைக் காணோம்! மாவு குறைந்ததால் நீரில் கரைந்துவிட்டது. இதை வேடிக்கையாகச் சொல்லி, 400 கிராம் கிழங்குக்கு 150 கிராம் மாவு என்று அளவும் கொடுத்தார்.

கத்தரிக்காயையும் அவர் விடவில்லை. ஒரு காலத்தில் பிளாரன்ஸ் சந்தையில் அது அபூர்வம். யூதர்கள் தின்பது என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். அர்த்தூசியோ, நல்ல காய் என்று சொல்லிச் சமைக்கக் கற்றுக் கொடுத்தார்.

அப்போது இத்தாலி ஒரே நாடாகி 30 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊருக்கு ஊர் பேச்சு வேறு, சாப்பாடும் வேறு. ஓர் ஊர்ச் சமையலை மற்ற ஊர் வீடுகளுக்கும் கொண்டு போனது இந்தப் புத்தகம்.

நன்றி மறவாதவர்

1911-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி அர்த்தூசி காலமானார். அவருக்கு வயது 90.

உயிலைப் பிரித்தார்கள். புத்தகத்தின் உரிமை யாருக்கு? சமையலறையில் உழைத்த பிரான்செஸ்கோவுக்கும் மரியெத்தாவுக்கும்! முன்பே ஒரு கேக்குக்கு மரியெத்தாவின் பெயரை வைத்திருந்தார். அதைத் தமக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளே என்றும் எழுதியிருந்தார். இப்போது பெயரோடு பொருளையும் கொடுத்தார்.

மற்ற சொத்தைப் பிறந்த ஊருக்கு எழுதி வைத்தார். புத்தகத்தைக் கேலி செய்த அதே ஊர்தான்!

அந்த ஊர் இப்போது அவரைக் கொண்டாடுகிறது. 1997 முதல் அங்கே கோடையில் அர்த்தூசி விழா நடக்கிறது. தெருவெல்லாம் சமையல் மணம்!

கவிஞர்களைப் பற்றி எழுதியபோது வராத புகழ், வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதியபோது தேடி வந்தது. அந்தப் புகழில் அடுப்படியில் நின்றவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை அர்த்தூசி மறக்கவில்லை.