தரிகொண்டா வெங்கமாம்பா

சித்தூர்ச் சீமையைச் சேர்ந்த தரிகொண்டா என்னும் சிற்றூரில் 1730-ஆம் ஆண்டில் பிறந்தவர் வெங்கமாம்பா. இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்பது அக்கால வழக்கம். திருவேங்கடமுடையானையே தம் நாயகராகக் கருதிய அவர், அதற்கு இணங்க மறுத்தார். ஊராரின் பழிச்சொல்லையும் பொறுத்தார்.

தம் ஊர் நரசிம்மர்மீது தெலுங்கில் சதகம் பாடினார். பின்னர்த் திருமலையை அடைந்து, வேங்கடாசல மகாத்மியம் முதலிய நூல்களை இயற்றினார். 1817-இல் மறைந்தார்.

இன்றும் திருமலைக் கோயிலில், இரவில் நிகழும் ஏகாந்த சேவையின்போது அவர் பெயரால் முத்து ஆரத்தி எடுக்கப்படுகிறது. நாள்தோறும் பல்லாயிரவர் பசியாறும் அன்னதானக் கூடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஊர் பழித்த பெண்ணைத் திருமலை போற்றுகிறது.

சிந்தனை வினா: வெங்கமாம்பா ஊர் வழக்கத்திற்கு இணங்க மறுத்தது ஏன்?