பகாங் சுல்தான் அகமது



நம் கேமரன் மலையில் பிறக்கும் தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றில் கலக்கிறது. ஜெலாய், தெம்பெலிங் ஆற்றோடு கூடிப் பகாங் ஆறு எனப் பெயர் பெற்றுப் பெக்கான் நகருக்கு அருகே கடலை அடைகிறது. அந்தப் பெக்கானில் வீற்றிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவர் சுல்தான் அகமது. அவருடைய வரலாறு நாம் அனைவரும் அறிய வேண்டியதாகும்.

ஒரு மன்னர், பல நாடுகள்

அகமது 1836 ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் அவருக்கு வான் அகமது என்று பெயர். தந்தையார் துன் அலி, பகாங்கின் பெண்டகாரா ஆவார். அக்காலத்தில் பகாங்குக்கெனத் தனிச் சுல்தான் இல்லை. ஜொகூர், பகாங், ரியாவ், லிங்கா ஆகியவற்றிற்கெல்லாம் சுல்தான் ஒருவரே. அவர் பெயரால் பகாங்கைப் பெண்டகாராவும், ஜொகூரைத் தெமெங்கோங்கும் ஆண்டு வந்தனர்.

1812 இல் சுல்தான் மகமூது காலமானபோது, அடுத்து ஆள்பவர் யார் என்பது முடிவாகியிருக்கவில்லை. இளைய மகன் அப்துல் ரகுமான் லிங்காவில் அரியணை ஏறினார். மூத்தவராகிய உசேனை 1819 இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் சுல்தானாக்கினர். 1824 இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்து, அப்பேரரசைக் கடல் வழியே கோடிட்டுப் பங்கிட்டுக் கொண்டனர். சகோதரர் இருவரின் பிணக்கு, அயலார் நுழையும் வாயிலாயிற்று.

அண்ணன் தம்பிப் போர்

1857 இல் துன் அலி மறைந்தார். வயதில் மிக மூத்தவரான துன் முத்தாகிர் பெண்டகாரா ஆனார். குவாந்தானும் எண்டாவும் தமக்கு உரியவை என்பது தந்தையின் விருப்பம் என வான் அகமது உரிமை கோரினார். அண்ணன் அதற்கு இணங்கவில்லை. பாகப் பிரிவினையில் எழுந்த மனக்கசப்பு போராக மூண்டது.

அதே ஆண்டில் டச்சுக்காரர் லிங்காவின் சுல்தான் மகமூதைப் பதவியிலிருந்து நீக்கினர். நாடிழந்த அவரும் பின்னர் வான் அகமதுவோடு சேர்ந்தார். திரெங்கானுச் சுல்தான் ஓமார் தம்பிக்குத் துணை நின்றார். ஜொகூர்த் தெமெங்கோங் 1861 இல் அண்ணனோடு உடன்படிக்கை செய்தார். 1862 இல் தெமெங்கோங் பதவிக்கு வந்த அபூபக்கரும் அவ்வுதவியைத் தொடர்ந்தார். ஒரு காலத்தில் ஒரே சுல்தானை வணங்கிய நாடுகள் எதிரெதிர் அணியில் நின்றன.

சயாம் நாட்டுக் கப்பலில் சுல்தான் மகமூதும் வான் அகமதுவும் திரெங்கானு வந்திறங்கினர். சயாமின் கை ஓங்குமோ என ஆங்கிலேயர் ஐயுற்றனர். 1862 நவம்பரில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் கோலத் திரெங்கானுவின்மீது குண்டு பொழிந்தன. பகாங்கின் பாகச் சண்டைக்காக அண்டை நாட்டு ஊர் அடிபட்டது.

எனினும் வான் அகமது தளரவில்லை. உள்நாட்டுக் காடுகளின் வழியே படை நடத்தி வெற்றி கண்டார். துன் முத்தாகிர் நாடு நீங்கி, 1863 மே மாதத்தில் கோலச் செடிலியில் உயிர் நீத்தார். அவர் மகனும் அதே சமயத்தில் மாண்டார். அடுத்த மாதமே வான் அகமது பெண்டகாரா ஆனார். எண்டாவ் ஆறே ஜொகூருக்கும் பகாங்குக்கும் எல்லை என 1868 இல் முடிவாயிற்று.

வென்றவர் இழந்தது

வான் அகமது வீரம் மிக்கவர். 1873 இல் அவருடைய படை சிலாங்கூருக்குச் சென்று, கோலாலம்பூரைத் தெங்கு கூடின் மீட்கத் துணை புரிந்தது. 1880 களில் அவர் சுல்தான் பட்டம் ஏற்றார். அவர் ஆட்சியின்போதுதான், 1885 இல், வில்லியம் கேமரன் நம் மலைப்பகுதியை ஆய்ந்து தம் பெயரை விட்டுச் சென்றார்.

ஆயினும் அயலாரின் நிழல் நீண்டுகொண்டே வந்தது. 1887 இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. 1888 இல் ரெசிடெண்ட் ஒருவர் வந்தமர்ந்தார். வரி விதிப்பும் நிருவாகமும் அவர் கைக்கு மாறின. அதனைப் பொறாத செமந்தான் தலைவர் டத்தோ பகாமான் 1891 இல் கிளர்ந்தெழுந்தார். 1895 வரை நீடித்த அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1896 இல் பகாங், கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. அண்ணனை வென்று பெற்ற ஆட்சியின் அதிகாரம் அயலாரிடம் சென்றது. 1914 மே மாதத்தில் சுல்தான் அகமது இயற்கை எய்தினார்.

நாம் கற்க வேண்டியது

திருவள்ளுவர் உட்பகைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். புறத்தே நிற்கும் பகைவனைக் காட்டிலும் வீட்டுக்குள் வளரும் பகை கொடிது. பெற்றோர்களே! குடும்பத்தில் யாருக்கு எது என்பதை உயிரோடு இருக்கும்போதே தெளிவாக எழுதி வைப்போம். உடன்பிறந்தார் பிணக்கை ஒரே பாயில் அமர்ந்து பேசித் தீர்ப்போம்.

இன்றும் நம் நாட்டில் பல மாநிலங்களுக்கு ஒரே பேரரசர் உள்ளார். ஆனால் அவரை ஒன்பது மலாய் ஆட்சியாளர்களும் கூடி, எழுதப்பட்ட சட்டப்படி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கின்றனர். சுல்தான் அகமதுவின் வழித்தோன்றலாகிய பகாங் சுல்தான் அப்துல்லா 2019 முதல் 2024 வரை மாமன்னராக விளங்கினார். அவரை அடுத்து அப்பொறுப்பை ஏற்றவர், தெமெங்கோங் அபூபக்கரின் வழிவந்த ஜொகூர் சுல்தான் இப்ராகிம். அன்று போர்க்களத்தில் எதிர்நின்ற இரு குடும்பங்கள், ஓர் அரியணையை அமைதியாகக் கைமாற்றிக் கொண்டன. வாளால் முடியாததை ஒழுங்கான சட்டம் முடித்து வைத்தது. இதனை நெஞ்சில் நிறுத்தி ஒற்றுமையோடு வாழ்வோமாக!