கணக்குப் புத்தகத்தைப் பூட்டிவைத்த அப்பா... கரித்துண்டை எடுத்த மகன்!

பிள்ளைக்குக் கணக்கு வரலையேனு கவலைப்படுற அப்பாக்களை நிறைய பார்த்திருப்பீங்க. கணக்குப் பக்கமே மகன் போயிடக் கூடாதுனு புத்தகங்களைப் பூட்டிவெச்ச அப்பாவைப் பார்த்திருக்கீங்களா? பிளேஸ் பாஸ்கலுக்கு அப்படியோர் அப்பா!

1623-ல் பிரான்ஸின் கிளெர்மான் நகரில் பிறந்தார் பாஸ்கல். 3 வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். வரித்துறை அதிகாரியான அப்பா எத்தியென், 1631-ல் மூன்று பிள்ளைகளோடு பாரிஸுக்குக் குடிவந்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டில் அவரே வாத்தியார். முதலில் மொழிகள், கணக்கெல்லாம் 15 வயதுக்கு மேல்தான் என்பது அவர் திட்டம். கணக்கு ருசி கண்டுவிட்டால் லத்தீனும் கிரேக்கமும் ஏறாது என்று பயந்தார். இத்தனைக்கும் அவரே நல்ல கணக்குப் புலி!

வேணாம்னு சொன்னா சும்மா இருக்குமா மனசு? விளையாட்டு நேரத்தில் கரித்துண்டால் தரையில் வட்டமும் முக்கோணமும் வரைய ஆரம்பித்தான் பையன். பெயர்கள்கூடத் தெரியாது. கோட்டைக் குச்சி என்று அவனே பெயர் வைத்துக்கொண்டான். 12 வயதில், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்ற இடத்துக்குத் தானாகவே வந்துவிட்டான். அதைப் பார்த்த அப்பாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு, யூக்ளிட் புத்தகத்தை மகன் கையில் அவரே கொடுத்தார். இதையெல்லாம் எழுதிவைத்தது பாஸ்கலின் அக்கா ஜில்பெர்த்.

அதன்பிறகு நிற்கவே இல்லை. அப்பாவின் வரிக்கணக்குச் சுமையைக் குறைக்க, 19 வயதில் கணக்குப்போடும் இயந்திரம் செய்ய இறங்கினார். 1654-ல் எண் முக்கோணம் பற்றி எழுதினார். இந்தியாவிலும் சீனாவிலும் முன்பே தெரிந்ததுதான். ஆனால், அதன் குணங்களை வரிசையாக நிரூபித்துக் காட்டியதால், பாஸ்கல் முக்கோணம் என்றே பெயர் நின்றுவிட்டது.

நீங்களும் போட்டுப் பாருங்க. முதல் வரி 1. அடுத்து 1 1. அப்புறம் 1 2 1, 1 3 3 1, 1 4 6 4 1. மேலே இருக்கும் இரண்டைக் கூட்டினால் கீழே உள்ள எண் வரும். இதையே லேசான சாய்வில் கூட்டிக்கிட்டே போனா 1, 1, 2, 3, 5, 8, 13 வரும். அதான் ஃபிபனாச்சி எண்கள்!

இப்போ ஓர் அன்னாசிப்பழத்தை எடுத்து, அதன் கண்கள் சுற்றி ஏறும் வரிசைகளை எண்ணுங்க. பெரும்பாலும் ஒரு பக்கமா 8, எதிர்ப்பக்கமா 13 இருக்கும். சூரியகாந்திப் பூவின் நடுவே பல நேரம் 34, 55. புதிய விதை ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய ஒரே கோணம் தள்ளி முளைப்பதால் வரும் சுருள் இது.

பாஸ்கல் 1662-ல் 39 வயதிலேயே இறந்துவிட்டார். முக்கோண நூல் விற்பனைக்கு வந்தது 1665-ல்தான்.

அன்னிக்கு அந்தக் கரிக்கோட்டைப் பார்த்த எத்தியென், பையனைத் திட்டி தரையைத் துடைக்கச் சொல்லியிருக்கலாம். அவர் மாற்றிக்கொண்டது தன் திட்டத்தைத்தான். உங்க வீட்டுச் சுவரில் யாராச்சும் கிறுக்கியிருந்தா, துடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை உத்துப் பாருங்க!